ஹாலியார்ட், ஷீட், வாங், அவுட்ஹால்: பாய்ப்படகுக் கயிறுகளை எந்த வரிசையில் படிப்பது?

பட்டர்வொர்த்காரன் | 8 செப்டம்பர், இரவு 10.15

நவம்பரில் ராஜா மூடா பாய்ப்படகுப் போட்டிக்குப் போகும் 34 அடிப் படகு ஒன்றில், பங்கோரிலிருந்து பினாங்கு வரைக்கும் ஆள் குறைகிறது, வா என்கிறார்கள். கயிறுகளின் பெயர் மட்டும் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. படகில் ‘கயிறு’ என்று ஒன்றுமே கிடையாது, எல்லாம் ‘லைன்’தான் என்று வேறு ஒருவர் சொன்னார். எங்கிருந்து ஆரம்பிப்பது, அண்ணே?

விஞ்ச்கைப்பிடி | 8 செப்டம்பர், இரவு 11.05

அந்த இரண்டு பக்கத்தை மடித்துப் பையில் வை, தம்பி. மனப்பாடம் பண்ணிப் போனால் காற்று அடிக்கிற நேரத்தில் ஒன்றும் வாயில் வராது.

படகு துறையில் கட்டியிருக்கும்போதே போ. பாயின் ஒரு மூலையைப் பிடி. அந்த மூலையில் மாட்டியிருக்கும் கயிற்றைக் கையால் தொட்டுக்கொண்டே, அது எந்தக் கப்பி வழியாகப் போகிறது, எங்கே திரும்புகிறது, எந்த கிளட்ச்சுக்குள் (கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு) நுழைகிறது, எந்த கிளீட்டில் (கயிற்றைச் சுற்றிக் கட்டும் கொம்பு) முடிகிறது என்று கடைசிவரை போ. ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி கேள். எதைப் பிடித்திருக்கிறது? எங்கே வந்து முடிகிறது? இந்த நொடியில் இதை அவிழ்த்தால் எது விழும், எது பறக்கும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் அந்தக் கயிறு உனக்குத் தெரியும் என்று அர்த்தம். பெயர் அதற்குப் பிறகு தானாக ஒட்டிக்கொள்ளும்.

‘கயிறே இல்லை’ என்பதில் உண்மை இருக்கிறது. கடையில் சுருளாக இருக்கும்வரை கயிறு. வெட்டி எடுத்து ஒரு வேலைக்குப் போட்டதும் அந்த வேலையின் பெயர் அதற்கு வந்துவிடும். பாயின் விளிம்பில் தைத்திருக்கும் போல்ட் ரோப் மாதிரி ஒன்றிரண்டு மட்டும் ரோப் என்றே நிற்கும். நீ தமிழில் கயிறு என்றே சொல், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எந்தக் கயிறு என்பதில் மட்டும் குழப்பம் வரக்கூடாது.

விஞ்ச்கைப்பிடி | 9 செப்டம்பர், காலை 7.20

முதல் நாளுக்கு இது போதும்.

அசையாதவை, அசைபவை என்று இரண்டாகப் பிரி. பாய்மரத்தைத் தாங்கி நிற்கும் எஃகுக் கம்பிகள் எல்லாம் அசையாதவை. முன்னால் ஃபோர்ஸ்டே, பின்னால் பேக்ஸ்டே, இரு பக்கமும் ஷ்ரவுட். இவற்றைப் படகு ஓடும்போது நீ தொடவே மாட்டாய், பிடித்துக்கொண்டு நடப்பதைத் தவிர. மீதி எல்லாம் அசைபவை. உன் வேலை முழுக்க அங்கேதான்.

மெயின் பாய் என்பது பாய்மரத்துக்குப் பின்னால் நிற்கும் பெரிய பாய். அதற்கு மூன்று மூலை. மேல் மூலை ஹெட். அதைத் தூக்குவது ஹாலியார்ட். முன் கீழ் மூலை டாக், பாய்மரமும், பாயின் அடியில் படுத்திருக்கும் பூம் என்னும் கட்டையும் சேரும் இடம். பின் கீழ் மூலை கிளூ. கிளூவைப் பூம் நெடுகப் பின்னால் இழுத்து நீட்டுவது அவுட்ஹால். பூமையே உள்ளே வெளியே விடுவது மெயின் ஷீட்.

ஷீட் என்றால் துணி என்று நினைத்துவிடாதே. அது கயிறு. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் இடறுகிற இடம் இது.

முன்பாய்க்கும் அதே மூன்று மூலைதான். ஆனால் கிளூவில் இரண்டு ஷீட், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்க ஷீட்தான் சுமை தாங்கும். மற்றது சும்மா கிடக்கும். அதற்கு லேசி ஷீட் என்று பெயர்.

ஹாலியார்ட், ஷீட், அவுட்ஹால். முதல் நாள் இந்த மூன்றோடு நிறுத்து.

பட்டர்வொர்த்காரன் | 9 செப்டம்பர், மதியம் 1.30

வாங், டாப்பிங் லிஃப்ட், கன்னிங்ஹாம்? மூன்றும் பூம் பக்கமே சுற்றிக்கொண்டு இருக்கின்றன. எது எது என்று பிடிபடவில்லை.

விஞ்ச்கைப்பிடி | 9 செப்டம்பர், இரவு 9.40

வாங் பூமைக் கீழே இழுக்கும். டாப்பிங் லிஃப்ட் பூமின் பின்முனையை மேலே தூக்கிப் பிடிக்கும். ஒன்றுக்கொன்று எதிர் வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் இறுக்கி வைத்தால் எதற்கும் பயனில்லை. பாய் ஏறி நின்று படகு ஓடும்போது டாப்பிங் லிஃப்ட் தளர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூமின் எடையை அது தாங்கிக்கொள்ளும், பாயின் பின் ஓரம் தொளதொளவென்று ஆகிவிடும்.

இந்த டாப்பிங் லிஃப்ட்டை மட்டும் அடிக்கோடு போட்டு வை. மெயின் பாயை இறக்கப் போகிறோம் என்றால் ஹாலியார்டைத் தொடுவதற்கு முன் இதை இறுக்கியாக வேண்டும். பாய்தான் பூமைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. பாய் இறங்கியதும் பூம் கீழே வரும். கீழே காக்பிட்டில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். சில படகுகளில் வாங்குக்குப் பதில் உள்ளே ஸ்பிரிங் வைத்த குழாய் இருக்கும், அது பூமைத் தாங்கும். அங்கே டாப்பிங் லிஃப்ட் இல்லாமலும் இருக்கலாம். ஏறியதும் அண்ணாந்து பார்த்து எது இருக்கிறது என்று தெரிந்துகொள்.

கன்னிங்ஹாம் பாயின் முன் ஓரத்தைக் கீழே இழுக்கும் சின்னக் கயிறு. டாக்குக்குக் கொஞ்சம் மேலே ஒரு வளையம் இருக்கும், அதில் போகும். காற்று கூடினால் பாயின் உப்பல் பின்னால் நகரும். இதை இழுத்தால் முன்னால் வரும். போட்டிப் படகில் அடிக்கடி கூப்பிடுவார்கள். உல்லாசப் படகில் பல வருடம் தொடாமலே கிடக்கும்.

குவீன்ஸ்பே அக்கா | 10 செப்டம்பர், காலை 8.05

டாப்பிங் லிஃப்ட்டுக்கு ஒரு சேர்ப்பு. பாய் இறங்கியதும் மெயின் ஷீட்டையும் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். டாப்பிங் லிஃப்ட் மேலே மட்டும்தான் பிடிக்கும், பக்கவாட்டில் பிடிக்காது. ஜார்ஜ்டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவில் ஃபெரி போகிற அலை ஒன்று வந்தால் போதும், பூம் இடமும் வலமும் ஆடித் தலையைத் தேடும்.

விஞ்ச்கைப்பிடி | 10 செப்டம்பர், காலை 8.30

அக்கா சொன்னது சரி. அதையும் சேர்த்து வரிசை இப்படி: டாப்பிங் லிஃப்ட் இறுக்கு, படகைக் காற்றுக்கு நேராகத் திருப்பு, ஹாலியார்ட் இறக்கு, ஷீட் இறுக்கு. ஹாலியார்டை இறக்கும்போது கையில் ஒரு பிடி இருக்கட்டும், ஒரேயடியாக விட்டால் சுருளில் இருக்கும் முடிச்சு மேலே ஓடிக் கப்பியில் சிக்கும்.

கிள்ளான்துறை | 11 செப்டம்பர், மாலை 6.50

நிறத்தை வைத்துப் படிப்பது சுலபம் இல்லையா? சிவப்பு என்றால் ஸ்பின்னேக்கர் என்னும் பெரிய பலூன் பாய், நீலம் என்றால் ஜிப் என்னும் முன்பாய் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள்.

விஞ்ச்கைப்பிடி | 11 செப்டம்பர், இரவு 10.20

அந்தந்தப் படகுக்குள் நிறம் உதவும். ஆனால் எல்லாப் படகுக்கும் ஒரே நிறம் என்று எந்தச் சட்டமும் கிடையாது. ஒரு படகில் சிவப்புப் புள்ளி போட்டது ஸ்பின்னேக்கர் ஹாலியார்டாக இருக்கும், பக்கத்துப் படகில் அதுவே பாயின் பரப்பைக் குறைக்கும் ரீஃப் கயிறாக இருக்கும். உரிமையாளர் போன தடவை கடையில் என்ன கிடைத்ததோ அதை வாங்கிப் போட்டிருப்பார். தவிர, ராத்திரியில் தலைவிளக்கின் சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புக் கயிறும் வெள்ளைக் கயிறும் ஒன்றுபோலத் தெரியும். நிறத்தை நம்பிப் படித்தவன் அங்கே திணறுவான்.

கிளட்ச் வரிசையைப் படி. காக்பிட்டுக்கு முன்னால் கூரைமேல் இடப்பக்கம் நாலைந்து, வலப்பக்கம் நாலைந்து கிளட்ச் இருக்கும். இடமிருந்து வலமாக எண்ணி, கண்ணை மூடிக்கொண்டு தொட்டுச் சொல். ‘வலப்பக்கம், உள்ளேயிருந்து இரண்டாவது, மெயின் ஹாலியார்ட்.’ இது கைக்கு வந்துவிட்டால் இருட்டும் மழையும் ஒன்றும் செய்யாது. மலாக்கா நீரிணையில் சுமத்ரா என்று சொல்லும் புயல்காற்று பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில்தான் வரும். 40 நாட் அளவுக்கு வீசும். அந்த நேரத்தில் விளக்கைத் தேடிக்கொண்டு இருக்க முடியாது.

விஞ்ச்கைப்பிடி | 11 செப்டம்பர், இரவு 10.45

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. கிளட்ச்மேல் பெயர் ஒட்டியிருந்தாலும் நம்பாதே. கயிறு மாற்றும்போது சில சமயம் இடம் மாறிவிடும், ஸ்டிக்கர் பழையதாகவே இருக்கும். பாய் இறங்கி இருக்கும்போது கயிற்றை லேசாக இழுத்துப் பார், மேலே எது அசைகிறதோ அதுதான் அதன் பெயர்.

பட்டர்வொர்த்காரன் | 13 செப்டம்பர், மாலை 4.10

பினாங்கு ஸ்ட்ரெய்ட்ஸ் கீ படகுத்துறையில் கட்டியிருந்த படகில் ஏறித் தொட்டுப் பார்த்துவிட்டேன், அண்ணே. ஒன்பது கயிற்றுக்குப் பெயர் சொல்ல முடிகிறது. கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை இருக்கிறதே, அந்த விஞ்ச்சில் எத்தனை சுற்று போட வேண்டும்? ஒருவர் இரண்டு என்கிறார், ஒருவர் நாலு என்கிறார்.

விஞ்ச்கைப்பிடி | 13 செப்டம்பர், இரவு 9.00

இரண்டு பேரும் சொல்வது சரிதான், நேரம்தான் வேறு. சுமை இல்லாமல் தொய்வை இழுக்கும்போது இரண்டு சுற்று. சுமை ஏற ஏற மூன்று, நாலு. எப்போதும் மேலிருந்து பார்த்தால் கடிகார முள் சுற்றுகிற திசை. எதிர்த்திசையில் சுற்றினால் விஞ்ச் பிடிக்கவே பிடிக்காது, சும்மா சுழலும்.

முதலிலேயே நாலு சுற்று போட்டு வேகமாகக் கையால் இழுத்தால் ஒரு சுற்று இன்னொரு சுற்றின்மேல் ஏறி மாட்டிக்கொள்ளும். ரைடிங் டர்ன் என்பார்கள். சுமை வந்துவிட்டால் அதைக் கையால் பிரிக்க முடியாது. முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. படகைத் திருப்ப வேண்டிய நேரத்தில் முன்பாய் பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிடும்.

இன்னொரு காரணம், கயிறு விஞ்ச்சுக்கு வரும் கோணம். கீழேயிருந்து கொஞ்சம் மேல்நோக்கி வர வேண்டும், அப்போதுதான் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அடுத்தடுத்து ஒழுங்காக உட்காரும். கப்பி உயரமாக இருந்து கயிறு மேலேயிருந்து இறங்கி வந்தால், எத்தனை கவனமாகச் சுற்றினாலும் மாட்டும். அப்படி அடிக்கடி மாட்டுகிற படகில் ஆளைத் திட்டிப் பயனில்லை, கப்பியின் இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

மாட்டிவிட்டால் பிரிக்கும் விதம்: வேறு ஒரு கயிற்றை எடு. மாட்டிய ஷீட்டில், விஞ்ச்சுக்கும் பாய்க்கும் நடுவில், வழுக்காமல் பற்றும் ரோலிங் ஹிட்ச் முடிச்சுப் போடு. அந்தக் கயிற்றை எதிர்ப்பக்க விஞ்ச்சுக்குக் கொண்டுபோய் இறுக்கு. சுமை அங்கே மாறியதும் மாட்டிய விஞ்ச்சில் கயிறு தொய்ந்துவிடும். பிரித்து ஒழுங்காகச் சுற்றி, மெதுவாகச் சுமையைத் திருப்பிக் கொடு. கத்தி எடுத்து வெட்டுவது கடைசி வழி. வெட்டிய முனை பறந்து வரும், அதன் நேர்க்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது.

விரல் விஷயம். சுமையுள்ள கயிற்றை விடும்போது விஞ்ச்சுக்குப் பக்கத்தில் விரலைக் கொண்டுபோகாதே. ஒரு கை, கயிற்று வாலைத் தள்ளிப் பிடித்திருக்கட்டும். மறு உள்ளங்கையைச் சுற்றுகளின்மேல் தட்டையாக அழுத்தி, ஒரு அங்குலம், ஒரு அங்குலமாக நழுவ விடு. முழுசாக எடுக்க வேண்டும் என்றால் கயிற்றை நேராக மேலே தூக்கு, சுற்றுகள் உருவிக்கொண்டு வந்துவிடும்.

கிள்ளான்துறை | 13 செப்டம்பர், இரவு 9.35

கிளட்ச்சைத் திறப்பதையும் சொல்லிவிடுங்கள். புதியவர்கள் நேராகக் கைப்பிடியைத் தூக்கிவிடுகிறார்கள்.

விஞ்ச்கைப்பிடி | 13 செப்டம்பர், இரவு 9.50

சுமையில் இருக்கும் கிளட்ச்சை அப்படியே திறக்கக்கூடாது. முதலில் கயிற்றை விஞ்ச்சில் மூன்று சுற்றுப் போட்டு ஒரு துளி இழுத்துச் சுமையை விஞ்ச்சுக்கு மாற்று. கிளட்ச் கைப்பிடி அப்போது தானாக இளகும். திறந்து, விஞ்ச் வழியாக விடு. நேராகத் திறந்தால் கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடும். கிளட்ச்சின் பல்லும் கயிற்றின் மேலுறையும் சேர்ந்து கெடும்.

கயிறு கிளட்ச்சில் வழுக்கிக்கொண்டே போகிறது என்றால் பெரும்பாலும் தடிமன் பொருந்தவில்லை. ஒவ்வொரு கிளட்ச்சுக்கும் இத்தனை மில்லிமீட்டர் முதல் இத்தனை வரை என்று இருக்கும். 8 முதல் 10 மில்லிமீட்டருக்கு உள்ளதில் 6 போட்டால் நிற்காது.

பட்டர்வொர்த்காரன் | 15 செப்டம்பர், காலை 11.20

கயிற்றின் கடைசி முனையில் ‘8’ வடிவில் வரும் எட்டு முடிச்சுப் போடச் சொன்னார்கள். எல்லாக் கயிற்றிலும் போட்டு வைத்துவிட்டேன்.

விஞ்ச்கைப்பிடி | 15 செப்டம்பர், மதியம் 12.05

ஸ்பின்னேக்கர் ஷீட்டில் போட்டிருந்தால் உடனே அவிழ்த்துவிடு.

ஜிப் ஷீட்டில் எட்டு முடிச்சு வேண்டும். முனையிலிருந்து ஒரு அடி தள்ளிப் போடு, பிடித்து இழுக்க வால் இருக்கும். மெயின் ஷீட்டிலும் ஹாலியார்ட் வாலிலும் வேண்டும், இல்லாவிட்டால் முனை உருவிக்கொண்டு போய்விடும். ஹாலியார்ட் முனை பாய்மரத்துக்குள் போய்விட்டால் ஒரு ஆள் மேலே ஏறினால்தான் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஸ்பின்னேக்கர் கட்டுப்பாட்டை மீறிப் படகைச் சாய்த்துவிட்டால், தப்பிக்க ஒரே வழி ஷீட்டை முழுசாக விட்டுவிடுவதுதான். முடிச்சுப் போட்டிருந்தால் கப்பியில் வந்து நிற்கும், பாய் காற்றோடு படகை இழுத்துப் போட்டுக்கொண்டே இருக்கும்.

குவீன்ஸ்பே அக்கா | 15 செப்டம்பர், மதியம் 12.40

ஜிப் ஷீட்டைக் கிளூவில் பவ்லைன் முடிச்சால் கட்டுங்கள், ஷாக்கிள் என்னும் இரும்பு மாட்டி போடாதீர்கள். பாய் படபடவென்று அடிக்கும்போது அந்த இரும்பு முன்தளத்தில் நிற்பவர் முகத்தில்தான் படும். முடிச்சின் வால் ஒரு கை அகலமாவது இருக்கட்டும், குறைவாக இருந்தால் படபடப்பில் பிரிந்துவிடும். ஷீட் நீளம், ஒரு பக்கத்துக்குப் படகின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு. 34 அடிக்கு 15 மீட்டரிலிருந்து 16 மீட்டர்.

விஞ்ச்கைப்பிடி | 16 செப்டம்பர், இரவு 8.30

மலேசியா தினம், விடுமுறை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நவம்பரில் உனக்குத் தேவைப்படப் போவது இதுதான்: ரீஃப். காற்று ஏறும்போது மெயின் பாயின் அடிப்பகுதியை மடித்துப் பரப்பைக் குறைப்பது. இதில் ஐந்தாறு கயிறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்யும். இந்த ஒரு வேலையின் வரிசை மனதில் நின்றால், உன் இரண்டு பக்கத்தில் பாதி தானாகப் படிந்துவிடும்.

மெயின் ஷீட்டைத் தளர்த்து, பாயிலிருந்து காற்று வெளியேறட்டும். வாங்கை விடு. டாப்பிங் லிஃப்ட்டை இறுக்கு. ஹாலியார்டை, ரீஃப் குறி வரும்வரை இறக்கு. முன்பக்க ரீஃப் வளையத்தைப் பூமின் முன்முனையில் இருக்கும் கொக்கியில் மாட்டு, அல்லது அதற்கென்று கயிறு இருந்தால் அதை இழு. ஹாலியார்டைத் திரும்ப ஏற்றி முன் ஓரம் விறைப்பாகும்வரை இறுக்கு. அதற்கப்புறம் பின்பக்க ரீஃப் கயிற்றை விஞ்ச்சில் போட்டு, புது கிளூ பூமில் வந்து படியும்வரை இழு. டாப்பிங் லிஃப்ட்டைத் தளர்த்து. ஷீட்டை உள்ளே எடு. வாங் கடைசியில்.

எங்கே தவறும்? பெரும்பாலும் வாங்கில். வாங்கை விட மறந்தால் பூம் மேலே வராது. பின்பக்க ரீஃப் கயிறு எவ்வளவு இழுத்தாலும் கிளூ பூமுக்கு வராது. அந்த நேரத்தில் விஞ்ச்சில் பலம் காட்டினால் பாய்த் துணி கிழியும். இழுக்க இழுக்க வரவில்லை என்றால், இழுப்பதை நிறுத்திவிட்டு எது எதிர்ப்பக்கம் பிடித்துக்கொண்டு இருக்கிறது என்று பார்.

இரண்டாவது தவறு, முன்பக்கத்தை இறுக்கும் முன்பே பின்பக்கத்தை இழுப்பது. பாயின் முழு இழுப்பும் அந்தச் சின்ன வளையத்தில் விழுந்து, தையல் பிரிய ஆரம்பிக்கும்.

ரீஃப் குறி என்றேன். ஹாலியார்ட் கிளட்ச்சுக்குள் நுழையும் இடத்தில், முதல் ரீஃப்புக்கு ஒன்று, இரண்டாவது ரீஃப்புக்கு இரண்டு என்று மெழுகு நூலால் இறுக்கிச் சுற்றித் தைத்துவிடு. மார்க்கர் மையும் போடலாம், ஆனால் இந்த வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். தவிர, நூல் இருட்டில் விரலுக்குத் தட்டுப்படும்.

பட்டர்வொர்த்காரன் | 16 செப்டம்பர், இரவு 11.10

படகில் தமிழ் பேசுகிறவர்கள் மூன்று பேர், மற்றவர்கள் மலாய்க்காரர், சீனர். கட்டளையை எந்த மொழியில் சொல்வது?

விஞ்ச்கைப்பிடி | 17 செப்டம்பர், காலை 7.10

கயிற்றின் பெயர் எல்லாருக்கும் ஆங்கிலப் பெயராகவே இருக்கட்டும். முதலில் பெயர், பிறகு வேலை. ‘ஜிப் ஷீட், இளக்கு.’ பெயரைக் கேட்டதும் கை அங்கே போய்விடும், வேலை காதில் விழும்போது தயாராக இருக்கும்.

தமிழில் சொல்வதானால் ‘விடு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். கொஞ்சம் தளர்த்தச் சொல்கிறாரா, முழுசாகக் கழற்றிவிடச் சொல்கிறாரா என்று கேட்கிறவனுக்குத் தெரியாது. கொஞ்சமாக என்றால் ‘இளக்கு’, முழுசாக என்றால் ‘கழற்று’. கிளம்பும் முன்பே மூன்று பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவன் திருப்பிச் சொல்ல வேண்டும், செய்து முடித்ததும் ‘ஆச்சு’ என்று சொல்ல வேண்டும். முன்தளத்தில் நிற்பவருக்குக் காற்றில் பாதி கேட்காது. அவருக்குக் கை சைகைதான்.

குவீன்ஸ்பே அக்கா | 18 செப்டம்பர், இரவு 9.15

முன்பாய் சுருட்டும் ஃபர்லர் கயிற்றைப் பற்றி யாரும் எழுதவில்லையே. முன்பாயை விரிக்கும்போது அந்தக் கயிறு டிரம்முக்குள் தானாகச் சுற்றிக்கொண்டு போகும். அப்போது கையில் லேசான இழுப்பு இருக்க வேண்டும். சும்மா ஓட விட்டால் டிரம்முக்குள் தொளதொளவென்று குவியும், திரும்பச் சுருட்டும்போது இறுகி நின்றுவிடும். சுருட்டும்போது ஷீட்டிலும் அதேபோல் லேசான இழுப்பு, பாய் இறுக்கமாகச் சுருளும். கடைசியில் ஷீட்டே பாயைச் சுற்றி இரண்டு மூன்று சுற்று வரும்வரை சுருட்டுங்கள்.

ஃபர்லர் நின்றுவிட்டால் விஞ்ச்சில் போட்டு முறுக்காதீர்கள். அண்ணாந்து பாருங்கள். சும்மா இருக்கும் ஸ்பின்னேக்கர் ஹாலியார்டை ஃபோர்ஸ்டேக்குப் பக்கத்திலேயே கட்டி வைத்திருப்பார்கள். அது மேலே ஃபர்லரோடு சேர்ந்து சுற்றியிருக்கும். முறுக்கினால் ஃபோர்ஸ்டே கம்பியே சேதமாகும்.

விஞ்ச்கைப்பிடி | 18 செப்டம்பர், இரவு 9.40

அதனால்தான் உபயோகிக்காத ஹாலியார்டைப் பாய்மரத்தடிக்குக் கொண்டுவந்து கட்டுவது.

கிள்ளான்துறை | 20 செப்டம்பர், மாலை 5.30

துறையில் கட்டும் கயிறுகளில்தான் எங்கள் பக்கம் அதிகம் சண்டை. ஸ்பிரிங் என்பது முன்னாலா பின்னாலா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

விஞ்ச்கைப்பிடி | 20 செப்டம்பர், இரவு 10.00

எதைத் தடுக்கிறது என்று சொல்லிப் பழகினால் சண்டை வராது. படகின் முன்மூக்கிலிருந்து பின்னோக்கிப் போய்த் துறையில் கட்டும் ஸ்பிரிங், படகு முன்னால் போகாமல் தடுக்கும். பின்முனையிலிருந்து முன்னோக்கிப் போகும் ஸ்பிரிங், பின்னால் போகாமல் தடுக்கும். முன் கயிறும் பின் கயிறும் படகைத் துறையோடு ஒட்டி வைக்கும். மொத்தம் நாலு. புறப்படும்போது, காற்றும் நீரோட்டமும் பார்த்து, இப்போது எது சும்மா தொங்குகிறதோ அதை முதலில் எடு. சுமையில் இருப்பது கடைசி.

கிள்ளான் துறைமுகத்துக்கும் பினாங்குக்கும் நீர்மட்டத்தில் பெரிய வித்தியாசம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிப் பினாங்கில் சுமார் 2 மீட்டர் ஏறி இறங்கும், கிள்ளானில் 4 மீட்டரைத் தாண்டும். மிதக்கும் பாலத்தில் கட்டினால் படகும் பாலமும் சேர்ந்தே ஏறி இறங்கும், கவலையில்லை. கல்சுவரிலோ நிலையான தூணிலோ கட்டினால் கயிற்றின் நீளம் அந்த ஏற்ற இறக்கத்தைப்போல் மூன்று மடங்காவது வேண்டும். குட்டையாகக் கட்டிவிட்டுச் சாப்பிடப் போனால், நீர் வற்றியதும் படகு கயிற்றில் தொங்கும், கிளீட் தளத்தோடு பெயர்ந்து வரும்.

துறைக் கயிறு நைலானாக இருக்க வேண்டும். இழுபடும், ஃபெரி அலையின் குலுக்கலைத் தானே வாங்கிக்கொள்ளும். 34 அடிக்கு 14 மில்லிமீட்டர் போதும். ஹாலியார்டுக்கு நேர் எதிர், இழுபடவே கூடாது. பாலியஸ்டர் அல்லது டைனீமா என்னும் பலமான செயற்கை இழை. நைலானில் ஹாலியார்ட் போட்டால், காற்று கூடும்போது பாய் இறங்கித் தொய்ந்துகொண்டே இருக்கும். ஹார்ட்வேர் கடையில் மலிவாகக் கிடைக்கும் நீல, பச்சை பிளாஸ்டிக் கயிறு மிதக்கும், ஆனால் நம் வெயிலில் சீக்கிரம் பொடிப்பொடியாக உதிரும். கையில் வெள்ளைத் தூசி ஒட்டினால் தூக்கிப் போட்டுவிடு.

டைனீமா வழுக்கும், சாதாரண முடிச்சு நிற்காது. கயிற்றின் முனையைக் கயிற்றுக்குள்ளேயே செருகிச் சேர்க்கும் ஸ்பிளைஸ்தான் போட வேண்டும். உருகும் சூடும் குறைவு, சுமார் 150 டிகிரியிலேயே இளகிவிடும். விஞ்ச்சில் சுமையோடு வேகமாக நழுவ விட்டால் உராய்வுச் சூட்டிலேயே மேற்பரப்பு பளபளவென்று கண்ணாடிபோல் ஆகும். அந்த இடம் பலம் போன இடம்.

பட்டர்வொர்த்காரன் | 22 செப்டம்பர், இரவு 8.45

மெயின் ஹாலியார்ட் உறை கிழிந்திருக்கிறது, போட்டிக்கு முன் மாற்ற வேண்டும் என்கிறார் கேப்டன். பாய்மரத்துக்குள் போகிற கயிற்றை, மேலே ஏறாமல் எப்படி மாற்றுவது?

குவீன்ஸ்பே அக்கா | 22 செப்டம்பர், இரவு 10.30

தம்பி, பழைய கயிற்றையே வழிகாட்டியாக வைத்துப் புதியதை உள்ளே இழுக்க வேண்டும். பாயைக் கழற்றிவிட்டு, கிளட்ச் பக்கம் இருக்கும் பழைய முனையையும் புதுக் கயிற்றின் முனையையும் நேருக்கு நேர் ஒட்ட வைத்துத் தையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வைக்காதீர்கள், தடித்துப்போய் மேல் கப்பியில் மாட்டும். மெழுகு நூல், தடித்த ஊசி. இரண்டு முனையிலும் இரண்டு அங்குலம் உள்ளே குத்தி, நாலு பக்கமும் ஆறு ஏழு தையல். அதன்மேல் டேப்பை மெல்லிசாக ஒரே ஒரு அடுக்கு, முனை கூராக வரும்படி சுற்றுங்கள். டேப் மட்டும் போட்டு இழுக்கவே கூடாது. வெயிலில் பசை இளகிப் பாதி வழியில் விட்டுவிடும், அப்புறம் ஏறத்தான் வேண்டும்.

ஒருவர் பாய் முனைப் பக்கம் மெதுவாக இழுக்க, இன்னொருவர் கிளட்ச் பக்கமிருந்து புதுக் கயிற்றை முறுக்கில்லாமல் ஊட்ட வேண்டும். நின்றால் பலமாக இழுக்காதீர்கள். ஒரு அடி திருப்பி விட்டு மறுபடி இழுங்கள், தையல் இருக்கும் இடம் கப்பியைத் தாண்டிவிடும். புதுக் கயிறு நீளம் கடைக்காரரிடம் யூகமாகச் சொல்லாதீர்கள், பழையதைத் தரையில் நீட்டி அளந்து ஒரு மீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த ஒரு மீட்டர் பின்னாளில் உதவும். ஷாக்கிள் முனையில் தேய்ந்த கொஞ்சத்தை வெட்டிவிட்டுத் திரும்பக் கட்டினால், கப்பியிலும் கிளட்ச்சிலும் அழுந்துகிற இடம் மாறும், அதே கயிறு இன்னும் பல காலம் ஓடும்.

விஞ்ச்கைப்பிடி | 22 செப்டம்பர், இரவு 10.50

புதுக் கயிறு போட்டதும் பழைய ரீஃப் குறிகள் போய்விடும், தம்பி. துறையிலேயே, காற்றில்லாத காலை நேரத்தில், பாயை ஏற்றி ஒவ்வொரு ரீஃப்பாக இறக்கிப் பார்த்து, கிளட்ச் வாயருகே புதிதாக நூல் சுற்றிவிடு. புதுக் கயிறு முதல் சில ஓட்டத்தில் கொஞ்சம் நீளும். பங்கோருக்குப் புறப்படும் முன் ஒருமுறை சரிபார்த்து, குறி நகர்ந்திருந்தால் பிரித்துத் திரும்பச் சுற்று.